அயர்லாந்து மூதாதையரின் பழைய இறப்புப் பதிவைத் தேடி எடுப்பது எப்படி?

அயர்லாந்தின் பழைய இறப்புப் பதிவுகளைத் தேடப் போகிறவர்கள் முதலில் ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராகிவிடுவது நல்லது. அந்தப் பதிவில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயர் இருக்காது. எங்கே பிறந்தார், எங்கே புதைத்தார்கள் என்ற விவரமும் இருக்காது. கணவன் அல்லது மனைவி பெயர்கூடப் பெரும்பாலும் கிடைக்காது. பக்கத்து நாடான ஸ்காட்லாந்தில் 1855 முதலே இறப்புப் பதிவில் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் எழுதினார்கள். அயர்லாந்தில் அந்த வழக்கம் இல்லை.

இதனால் என்ன சிக்கல்? கெர்ரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஜான் சல்லிவன் என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பார்கள். அதில் உங்கள் ஜான் சல்லிவன் யார் என்பதைப் பதிவு தானாகச் சொல்லாது. நீங்கள் கையில் கொண்டுபோகும் விவரத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். முக்கியமாக ஊர், அதைவிட முக்கியமாக ஊருக்குள் எந்த இடம். எனவே இணையதளத்தைத் திறப்பதற்கு முன்பே வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தில் குடியேறி அங்கேயே மணம் முடித்தவர்கள், கொள்ளுத்தாத்தா வழியில் ஐரிஷ் தொடர்பு உள்ள ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தினர் என்று தமிழ் வாசகர்களிலும் இதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வழி ஒன்றுதான்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள்

அயர்லாந்தில் கிராமப்புற முகவரி என்பது டவுன்லேண்ட். சில வயல்கள், சில வீடுகள் சேர்ந்த சிறு நிலப்பகுதி அது. நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பல இடங்கள் இருக்கும் என்பதால் கவுண்டி, பாரிஷ் (பங்கு எனப்படும் அதைவிடச் சிறிய பிரிவு) இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். இறப்புப் பதிவில் 'இறந்த இடம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் இந்த டவுன்லேண்டின் பெயர்தான் இருக்கும். எனவே அது தெரிந்தால் பத்து ஜான் சல்லிவன்களில் ஒன்பது பேரை ஒதுக்கிவிடலாம்.

டவுன்லேண்டைக் கண்டுபிடிக்க எளிய வழி 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இரண்டும் இலவசம். ஆண்டு வரம்பைச் சுருக்கவும் இவை உதவும். 1901 மார்ச் 31 அன்று வீட்டில் இருந்த கணவர் 1911 ஏப்ரல் 2 அன்று இல்லை, மனைவி பெயருக்கு நேரே 'விதவை' என்று இருக்கிறது என்றால், நீங்கள் தேட வேண்டியது அந்தப் பத்து ஆண்டுகளை மட்டுமே. இதற்கு முந்தைய கணக்கெடுப்புகளை எதிர்பார்க்காதீர்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது. அதில் 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் கூழாயின. நல்லவேளையாக, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் 1922-இல் அந்தக் கட்டடத்தில் இல்லை. 'அயர்லாந்து ஆவணம் எல்லாம் எரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பிக் கைவிட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளின் திருமணப் பதிவும் நல்ல துணை. அதில் மணமக்களின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே அவர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதவில்லை என்பதால் உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. அதை ஒழுங்காகக் கேட்டு எழுதாத பாதிரியார்களும் பதிவாளர்களும் உண்டு.

அடுத்து, டவுன்லேண்ட் எந்தப் பதிவு மாவட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். அயர்லாந்தின் பதிவு மாவட்டங்களைக் கவுண்டி எல்லையை வைத்துப் பிரிக்கவில்லை. ஏழைகள் நிவாரணச் சட்டத்துக்காக, ஒரு சந்தை ஊரை நடுவில் வைத்து உருவாக்கிய 'யூனியன்'களையே பதிவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பாலிஷானன் யூனியன் டோனிகால், ஃபெர்மனா, லீட்ரிம் என்று மூன்று கவுண்டிகளில் பரவியிருந்தது. எனவே லீட்ரிம்காரர் ஒருவரின் சாவு டோனிகாலில் உள்ள ஊர்ப் பெயரில் பதிவாகியிருந்தால் அது தவறு அல்ல. பழைய டவுன்லேண்ட் அட்டவணைகளில் ஒவ்வொரு இடத்துக்கும் நேராக அதன் யூனியன் பெயர் இருக்கும்.

எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம்?

அயர்லாந்து முழுவதும் இறப்புப் பதிவு 1864 ஜனவரி 1 அன்று தொடங்கியது. 1921 முடியும்வரை 32 கவுண்டிகளுக்கும் ஒரே ஏற்பாடு. நாடு பிரிந்த பிறகு ஆன்ட்ரிம், அர்மா, டவுன், ஃபெர்மனா, டெரி, டைரோன் ஆகிய ஆறு கவுண்டிகளின் பதிவுகள் பெல்ஃபாஸ்ட்டின் கணக்கில் போயின.

நடைமுறையில் இதன் பொருள்: தெற்கு என்றால் 'ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஇ' என்ற அரசுத் தளம். பதிவேட்டுப் பக்கத்தின் ஸ்கேன் படத்தையே அதில் காசில்லாமல் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். வடக்கு என்றால் 1921 வரை அதே தளம் போதும். 1922 முதல் என்றால் வட அயர்லாந்து பதிவாளர் அலுவலகத்தின் ஆன்லைன் சேவையில் கணக்குத் தொடங்கி, கிரெடிட் வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சேவையிலும் வடக்குக் கவுண்டிகளின் 1864 முதலான பதிவுகள் உண்டு. ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? முதலில் டப்ளின் தளத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம் பெல்ஃபாஸ்ட் போங்கள்.

இரண்டிலும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. இறந்து 50 ஆண்டு ஆகாத பதிவுகள் இணையத்தில் வராது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய ஆண்டுத் தொகுதி திறக்கும்.

தளத்தில் தேடுவது

தளத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒன்று அரசின் சிவில் பதிவுகள், மற்றது தேவாலயப் பதிவுகள். சிவில் பதிவைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பெயர், முதல் பெயர், ஆண்டு வரம்பு, பதிவு மாவட்டம் கொடுங்கள். தேடுவது சட்டப்படி ஒரு விண்ணப்பமாகக் கருதப்படுவதால், உங்கள் பெயரை டைப் செய்து ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்லும். அது சும்மா ஒரு சம்பிரதாயம், பயப்பட வேண்டாம்.

பட்டியலில் பெயர், பதிவான ஆண்டு, மாவட்டம், இறக்கும்போது வயது எல்லாம் தெரியும். அதைத் திறந்தால் கீழே படத்துக்கான இணைப்பு வரும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அட்டவணையில் இருப்பது சாவு பதிவான ஆண்டு, இறந்த ஆண்டு அல்ல. டிசம்பர் கடைசியில் இறந்தவர் அடுத்த ஆண்டுக் கணக்கில் வருவது சாதாரணம். சில குடும்பங்கள் பல மாதம், ஏன் சில வருடம் கழித்தும் பதிந்திருக்கின்றன. ஆண்டு வரம்பின் கடைசி முனையில் எப்போதும் கொஞ்சம் இடம் விடுங்கள். இரண்டாவது, பட்டியலில் தெரியும் 'குரூப் ரெஜிஸ்ட்ரேஷன் ஐடி' எண்ணைக் குறித்து வையுங்கள். சான்றிதழ் வாங்கும்போது அது இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடி விட்டுவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் 'ஓ', 'மக்' முன்னொட்டுகளைப் பலர் விட்டுவிட்டார்கள், பிற்பாடு சிலர் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா சல்லிவன், பேரன் ஓ'சல்லிவன். முதல் பெயரிலும் இதே கதைதான். பிரிட்ஜெட் என்பவர் பிடி, டீலியா என்று வருவார். ஹனோரா நோராவாக, ஹன்னாவாக வருவார். கார்க், கெர்ரி பக்கம் ஜெரமையா, டார்பி இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். 1922-க்குப் பிறகு பெயரை ஐரிஷ் மொழியிலேயே பதிந்தவர்களும் உண்டு. பெண்களைப் பெரும்பாலும் கணவர் குடும்பப் பெயரில்தான் தேட வேண்டும்.

படத்தைப் படிப்பது

பதிவேட்டில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதிவுகள். உங்களுடையது அதில் ஒன்று. இடமிருந்து வலமாக வரிசை எண், இறந்த தேதியும் இடமும், பெயர், பாலினம், திருமண நிலை, வயது, தொழில், சாவுக்குக் காரணம், தகவல் தந்தவர், பதிவான தேதி, பதிவாளர் கையொப்பம் என்று கட்டங்கள் போகும்.

தொழில் கட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அலட்சியமாகத் தாண்டிவிடுவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே 'விவசாயியின் மனைவி', 'கூலித்தொழிலாளியின் விதவை', 'செருப்புத் தைப்பவரின் மகன்' என்று எழுதியிருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் குடும்பத்தைப் பிரித்தறிய அது போதும். அதே ஊரில் இரண்டு மேரி மர்ஃபிகள் இருந்து, ஒருவர் கணவர் கொல்லர், மற்றவர் கணவர் விவசாயி என்றால் கேள்வி அங்கேயே தீர்ந்தது.

நோய்ப் பெயர்கள் பழைய மருத்துவ வழக்கில் இருக்கும். 'தைசிஸ்', 'கன்சம்ப்ஷன்' என்றால் காசநோய். அந்தக் காலப் பதிவுகளில் இளம் வயதுச் சாவுகளைத் தேடினால் இது திரும்பத் திரும்ப வரும். 'டிராப்ஸி' என்றால் உடம்பில் நீர் கோத்த வீக்கம். 'டெபிலிட்டி' என்றால் உடல் தளர்ச்சி, 'சினைல் டிகே' என்றால் முதுமைத் தளர்ச்சி. நோய் எத்தனை நாள், எத்தனை மாதம் இருந்தது என்பதும் அதே கட்டத்தில் இருக்கும். பக்கத்தில் 'சர்டிஃபைட்' என்று இருந்தால் மருத்துவர் உறுதி செய்தது. 'அன்சர்டிஃபைட்' என்றால் மருத்துவர் யாரும் பார்க்கவில்லை, வீட்டார் சொன்னதை எழுதியது. ஏழை வீடுகளிலும் ஒதுக்குப்புற ஊர்களிலும் அப்படித்தான் இருக்கும். கரோனர் (சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) பெயர் வந்தால் விசாரணை நடந்திருக்கிறது. உடனே அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையைத் தேடுங்கள். பதிவேட்டில் ஒரு வரியாக இருப்பது அங்கே சில சமயம் அரைப் பத்தியாகக் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் மதிப்பு மிக்க கட்டம் தகவல் தந்தவருடையது. என்னைக் கேட்டால் படத்தைத் திறந்ததும் முதலில் கண் போக வேண்டிய இடம் அதுதான். பழைய பதிவுகளில் பல சமயம் 'சாவின்போது உடனிருந்தவர்' என்று மட்டும் இருக்கும். பிந்தைய காலத்தில் 'மகன்', 'விதவை', 'மருமகள்' என்று உறவையும் எழுதினார்கள். பெயரும் முகவரியும் இருப்பதால், அந்த ஆளை 1901 கணக்கெடுப்பில் அதே வீட்டில் கண்டுபிடித்தால் இறந்தவர் யார் என்பது உறுதியாகிவிடும். நீங்கள் கேள்வியே படாத ஒரு மகளின் கல்யாணம் ஆன பெயர் இங்கேதான் கிடைக்கும். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெயருக்கு நடுவே பெருக்கல் குறி இருக்கும். ஆனால் இணையத்தில் நாம் பார்ப்பது டப்ளினுக்கு அனுப்பிய நகல். அந்தக் கையெழுத்தும் எழுத்தர் பார்த்து எழுதியதுதான், கொள்ளுப்பாட்டியின் கையெழுத்து என்று உருக வேண்டாம். நகல் எடுக்கும்போது எழுத்துப் பிழை புகுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தேகம் வலுத்தால் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் உள்ள மூலத்தைக் கேட்கலாம்.

மற்ற ஒன்பது பதிவுகளையும் ஒரு பார்வை பாருங்கள். தொற்றுநோய்க் காலத்தில், குறிப்பாக 1918-19 இன்ஃப்ளுவென்சாவின்போது, ஒரே வீட்டில் அடுத்தடுத்து நடந்த சாவுகள் அதே பக்கத்திலேயே வரும்.

வயதை நம்பாதீர்கள்

வயதைச் சொல்பவர் இறந்தவர் அல்ல. மகனோ அண்டை வீட்டாரோ குத்துமதிப்பாகச் சொல்வதுதான். அதனால்தான் 60, 70, 80 என்று முழு எண்கள் அதிகம். ஐந்து முதல் பத்து வயது வரை முன்னே பின்னே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதில் இன்னொரு சுவையான காரணமும் உண்டு. 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. 1864-க்கு முன் பிறந்தவர்களுக்குச் சிவில் பிறப்புப் பதிவே கிடையாது. விளைவு, பென்ஷனுக்காக வயதைக் கூட்டிச் சொல்லி, 1901-க்கும் 1911-க்கும் இடையிலான பத்தே ஆண்டில் பல கிழவர்கள் பதினைந்து வயது மூத்துவிட்டார்கள். அந்தப் புது வயதே அப்படியே இறப்புப் பதிவிலும் ஏறியது. வயது பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பதிவைத் தள்ளாதீர்கள். இடம், தொழில், திருமண நிலை, தகவல் தந்தவர் என்ற நான்கில் மூன்று பொருந்தினால் வயது மாறினாலும் பரவாயில்லை. வயது மட்டும் பொருந்தி மற்றவை பொருந்தாவிட்டால் வேறு ஆளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தேடியும் கிடைக்கவில்லையா?

சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், வாழ்ந்த ஊரில் அல்ல. கவுண்டி மருத்துவமனை, மனநல விடுதி, ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதி, டப்ளின் பெரிய மருத்துவமனைகள் ஆகியவை வேறு பதிவு மாவட்டத்தில் இருக்கலாம். எனவே மாவட்டத்தைக் காலியாக விட்டு ஒருமுறை தேடுங்கள். யூனியனின் ஏழைகள் விடுதியே பிற்பாடு பல ஊர்களில் மருத்துவமனை ஆயிற்று. 'ஒர்க்ஹவுஸில் இறந்தார்' என்பதைப் பார்த்து அவர் கதியற்றவர் என்று உடனே எண்ண வேண்டாம். வைத்தியத்துக்காகப் போனவராகவும் இருக்கலாம்.

தொடக்க ஆண்டுகளில் பதிவே ஆகாத சாவுகளும் உண்டு. அப்போது வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். கொஞ்சம் சொத்து இருந்தவர் என்றால் 1858 முதலான உயில் பட்டியல்கள் கைகொடுக்கும். இறந்த தேதி, ஊர், யாருக்குப் பொறுப்பு போயிற்று என்பது அதில் இருக்கும். தெற்குக்குத் தேசிய ஆவணக் காப்பகத்திலும், வடக்குக்கு பெல்ஃபாஸ்ட்டில் உள்ள பொது ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். நிலம் குத்தகைக்கு வைத்திருந்தவர் என்றால் கிரிஃபித் மதிப்பீடு எனப்படும் 19-ஆம் நூற்றாண்டு நில வரிக் கணக்கைத் தொடர்ந்து வந்த திருத்தப் புத்தகங்களில் பெயர் அடிக்கப்பட்டு மகன் பெயர் ஏறிய ஆண்டு தெரியும். அந்த ஆண்டையோ அதற்கு முந்தைய சில ஆண்டுகளையோ மறுபடி பதிவேட்டில் தேடுங்கள். கல்லறைக் கல்வெட்டு குடும்பத்தைச் சேர்த்துக் காட்டும். ஆனால் கல் பல ஆண்டு கழித்து நட்டதாக இருக்கலாம், எனவே அதிலுள்ள தேதியைச் சரிபார்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

1864-க்கு முன்னால்

இங்கே நிலைமை கடினம். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லும் ஆவணம் எதுவும் இல்லை. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் தேசிய நூலகத் தளத்தில் சுமார் 1880 வரை இலவசமாகப் படமாக இருக்கின்றன. ஆனால் அவை ஞானஸ்நானமும் திருமணமும் குறித்தவை. அடக்கத்தை எழுதி வைத்த பங்குகள் குறைவு, அவற்றில் பல வடக்கே உள்ளவை.

சர்ச் ஆஃப் அயர்லாந்து (ஆங்கிலிக்கன் திருச்சபை) தேவாலயங்கள் அடக்கத்தைப் பதிந்தன. பழைய ஊர்க் கல்லறைகள் அந்தத் திருச்சபையின் பொறுப்பில் இருந்ததால், கத்தோலிக்கர் பெயரும் சில சமயம் அதில் அகப்படும். 1922 தீயில் அவற்றில் நிறைய போனாலும், எஞ்சியவை எவை என்ற பட்டியலை அத்திருச்சபையின் டப்ளின் நூலகம் வெளியிட்டிருக்கிறது. தேடும் முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் என்றால் அதிர்ஷ்டம், 17-ஆம் நூற்றாண்டு முதலே ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். டப்ளின்காரர் என்றால் 1832-இல் திறந்த கிளாஸ்நெவின் கல்லறையின் பதிவுகளைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அதே குழியில் வேறு யார் யார் அடக்கமாகியிருக்கிறார்கள் என்பதும் கிடைக்கும்.

சான்றிதழ் எப்போது தேவை?

குடும்ப வரலாற்றுக்கு மட்டும் என்றால் தளத்தில் கிடைக்கும் படமே போதும். படம் இல்லாத பதிவுக்கும், 50 ஆண்டு ஆகாத பதிவுக்கும் ரோஸ்காமனில் உள்ள பதிவாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். சாதாரண நகலுக்கு 5 யூரோ, முத்திரையிட்ட சான்றிதழுக்கு 20 யூரோ. பதிவேடுகள் பொது ஆவணம் என்பதால் உறவுமுறையை நிரூபிக்க வேண்டியதில்லை. தாத்தா பாட்டி வழியில் ஐரிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் மட்டும் இருபது யூரோ சான்றிதழே வாங்க வேண்டும், தளத்துப் படத்தை அச்செடுத்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

அயர்லாந்துக்கு வெளியே இறந்தவர்கள்

கப்பல் ஏறிப் போனவரின் சாவு போன இடத்தில்தான் பதிவாகியிருக்கும். இது சில சமயம் நல்லதற்கே. உங்கள் முன்னோர் அயர்லாந்திலேயே தங்கிவிட்டாலும், அவருடைய அண்ணனோ தங்கையோ மெல்பர்னிலோ கிளாஸ்கோவிலோ இறந்திருந்தால், அங்குள்ள பதிவில் இருவருக்கும் பொதுவான பெற்றோர் பெயர் இருக்கும். விக்டோரியாவில் 1853 முதல் பிறந்த ஊர், மணம் முடித்த இடம், பிள்ளைகள் பெயர்வரை எழுதினார்கள்.

சென்னை மாகாணத்தில் இறந்த ஐரிஷ் சிப்பாய்கள் என்றால் தேட வேண்டியது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். மாகாணத்துத் தேவாலயங்கள் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவு நகல்கள் அங்கே என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் பெரும்பாலும் படைப்பிரிவின் பெயர் கிடைக்கும். அதைக் கொண்டு படை ஆவணங்களில் அவர் சேர்ந்த ஊரைத் தேடலாம். 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆண்டைப் பாருங்கள். அந்தப் பெயர் 1881-இல்தான் வந்தது. அதன் முதல் பட்டாலியன் அதற்கு முன்பு ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ், 102-ஆம் படைப்பிரிவு. 1881-க்கு முந்தைய சாவு என்றால் அந்தப் பழைய பெயரில் தேடுங்கள்.